துணியில் எழுதிய மடல்

நம் உம்மா மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மாலையில், அவர்களுடைய மரப்பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த துணிமணிகளை எளியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க அமர்ந்தோம். வெள்ளைத் துப்பட்டிகள் மூன்று. கைத்தறிச் சேலைகள் ஏழெட்டு. தொழுகைக்கென்று தனியே மடித்து வைத்திருந்த ஒரு மேற்போர்வை. அவ்வளவே. அப்போது நம் தங்கை அருகில் வந்து, "காக்கா, அந்தப் பச்சைக்கரைச் சேலையை மட்டும் எனக்குத் தாங்க. மகளுக்குப் பேறுகாலம் வருது. பிள்ளைக்கு ஒரு விரிப்புத் தச்சு வைக்கிறேன். உம்மாவுடைய துணியிலே படுத்து வளரட்டும்" என்று கேட்டாள்.

நாம் மறுத்துவிட்டோம். மையித்தின் துணியை வீட்டில் வைத்துக்கொண்டு அழுவதைவிட, அது ஓர் ஏழையின் உடலை மறைப்பதே உம்மாவுக்கு நன்மை சேர்க்கும் என்று, கிதாபு ஓதிய குரலில், நாலு பேர் முன்னிலையில் கூறினோம். தங்கை ஒன்றும் பேசவில்லை. சேலையும் மற்றவற்றோடு போயிற்று.

இதில் இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, சட்டம் பற்றியது. இறந்தவர் விட்டுச் சென்ற பொருள்கள், ஊசி முதல் உலக்கை வரை, கடனும் மரண சாசனமும் நீங்கலாக வாரிசுகளுக்கே உரியவை. அந்தப் பெட்டியில் தங்கைக்கும் பங்கு இருந்தது. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஃபராயிள் பாடம் நடத்தும் நாம், நம் வீட்டுப் பெட்டியின் முன்னே அதனை மறந்தோம். தருமம் செய்தது பிழையன்று. பிறர் பங்கை அவர் மனமொப்பாமல் எடுத்துத் தருமம் செய்தது பிழை. இதற்குத் தங்கையிடம் பிற்பாடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இரண்டாவது பிழை அறிவு பற்றியது. அவள் கேட்டதை வெறும் பெண்மனத்தின் பலவீனம் என்று கருதினோம். பழந்துணியை வெட்டித் தைத்து அன்புக்குரியவர் நினைவைக் காப்பது உலகத்தில் எத்தனை நெடிய வரலாறு உடையது என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. அதற்குப் பின் நூல்களில் கண்டவற்றுள் சிலவற்றையே ஈண்டு வாசகர்முன் வைக்கிறோம்.

நாம் அறியாதது என்று சொன்னோமே, அதுவும் முழு உண்மையன்று. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அணிந்திருந்த ஜுப்பா ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அது முன்னர் ஆயிஷா (ரலி) அவர்களிடம் இருந்தது. அவர்கள் மறைந்தபின் உடன்பிறந்தவரான அஸ்மா அவர்களிடம் வந்தது. ஒரு தங்கையிடமிருந்து அக்காளுக்கு வந்த துணி அது. ஹதீஸ் பாடத்தில் அதன் ஓரத்துப் பட்டு வேலைப்பாட்டைக் காட்டி, பட்டு எந்த அளவு கூடும் என்னும் மஸ்அலாவை விளக்கியிருக்கிறோம். அந்த ஜுப்பா யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு வந்தது என்பதை ஒருநாளும் நின்று எண்ணியதில்லை.

அரபு மொழியில் 'ருக்ஆ' என்றொரு சொல் உண்டு. கிழிந்த ஆடைமேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிக்கு அது பெயர். உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் தலைவராய் இருந்தபோது, அவர்களுடைய சட்டையில் இரு தோள்களுக்கும் இடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறும் செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் வருகிறது. அங்கே சொல்லப்படும் ஒட்டு இதுவே. அதே ருக்ஆவுக்கு இன்னொரு பொருளும் உண்டு: சிறு கடிதம், மடல், சீட்டு. உருதுவில் 'ருக்கா' என்றால் இன்றும் கடிதந்தான். அரபு எழுத்து வகைகளுள் ஒன்றற்கும் ருக்ஆ என்றே பெயர். ஒட்டுத்துணியும் மடலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதை அகராதியில் பல முறை கண்டும், துண்டு என்னும் பொதுப் பொருளால் வந்த ஒற்றுமை என்று கடந்து சென்றோம். எழுதத் தெரியாதவர் கையில் ஒட்டுத்துணி உண்மையாகவே மடலாயிற்று என்பதை இலண்டனின் வரலாறு நமக்குக் கற்பித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் நகரத் தெருக்களில் பச்சிளங் குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போவது வழக்கமாய் இருந்தது. கணவனற்றவள், கணவன் கைவிட்டவள், வேலைக்காரியாய் இருந்து கெடுக்கப்பட்டவள், வறுமையால் பால் வற்றியவள் எனப் பலர். தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் இக்காட்சி பொறாமல், பதினேழு ஆண்டுகள் பிரபுக்களின் வாயில்களில் அலைந்து, 1739ஆம் ஆண்டு அரசரின் சாசனம் பெற்று 'பவுண்ட்லிங் ஆஸ்பத்திரி' என்னும் நிலையத்தை நிறுவினார். ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர, அது நோய்க்கு மருந்து கொடுக்கும் இடமன்று. கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் இல்லம். 1741 மார்ச் 25ஆம் நாள் இரவு முதல் குழந்தைகளை ஏற்றுக்கொண்டது. அன்றிரவே முப்பது குழந்தைகளோடு இடம் நிறைந்து, எஞ்சிய தாய்மார்கள் வாயிலில் அழுதுகொண்டு நின்றனர். பின்னர்க் கூட்டம் மிகவே, ஒரு பையில் நிறப்பந்துகளை இட்டுத் தாய்மார்களை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பந்து எடுத்தவளின் குழந்தை உள்ளே. கறுப்பு எடுத்தவள் குழந்தையோடு வெளியே. சிவப்பு எடுத்தவள் காத்திருக்க வேண்டும். பெற்றவளின் கையாலேயே திருவுளச்சீட்டு எடுக்க வைத்த அந்த ஏற்பாட்டைப் படித்தபோது நமக்கு மேலே படிக்க மனம் வரவில்லை.

உள்ளே சென்ற குழந்தைக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். தாய் இட்ட பெயர் அன்றோடு மறைந்தது. தாயின் பெயரைக் கேட்பதும் இல்லை. ஆயின் என்றேனும் ஒருநாள் தாய் திரும்பி வந்தால், எது அவள் பிள்ளை என்று அறிய ஓர் அடையாளம் வேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதிவுத்தாள் எழுதினார்கள். ஆணா பெண்ணா, வயது என்ன, உடலில் மச்சம் உண்டா, என்னென்ன உடுத்தியிருந்தது என்ற விவரங்களோடு, குழந்தையின் ஆடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அல்லது தாயே கொடுத்த துண்டைப் பெற்று, அத்தாளில் குண்டூசியால் குத்தி வைத்தார்கள். எழுதத் தெரிந்த தாய்மார் சிலர் ஓரிரு வரிச் சீட்டு வைத்தனர். பெரும்பாலோர்க்கு எழுதத் தெரியாது. அவர்கள் துணியைத் தேர்ந்து வைத்தார்கள். பூமொட்டு அச்சிட்ட துண்டு, பறவை அச்சிட்ட துண்டு, வண்ணத்துப்பூச்சி உள்ள துண்டு, சிவப்புத் துணியில் வெட்டிய நெஞ்சுருவம், முடிச்சிட்ட நாடா. மொட்டு மலரும், பறவை பறக்கும் என்பது அவள் பிள்ளைக்குச் சொல்ல விரும்பிய வாழ்த்தாக இருக்கலாம் என்று இத்துணிகளை ஆராய்ந்த வரலாற்றறிஞர் ஜான் ஸ்டைல்ஸ் கருதுகிறார்.

1741 முதல் 1760 வரை அங்குச் சேர்ந்த குழந்தைகள் 16,282. அவர்களுள் மீண்டும் தாயிடமோ உற்றாரிடமோ சேர்ந்தவர்கள் 152 பேர் மட்டுமே. மற்றவருள் பெரும்பகுதியினர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். அவர்களுடைய தாள்கள் புத்தகங்களாகக் கட்டப்பட்டு இன்றளவும் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ ஐயாயிரம் துணித்துண்டுகள், நிறம் மங்காமல், குண்டூசியோடு. பதினெட்டாம் நூற்றாண்டில் எளிய மக்கள் உடுத்திய துணிகளின் தொகுதி பிரிட்டனில் இதற்கு இணையாக வேறொன்றில்லை என்கிறார்கள். பிரபுக்களின் பட்டாடைகள் அரண்மனைப் பெட்டிகளில் தங்கின; ஏழைப் பெண் உடுத்தியது கந்தலாகிக் கடைசியில் காகித ஆலைக்குப் போயிற்று. அவள் பிள்ளையைப் பிரிந்த நாளில் வெட்டிக் கொடுத்த துண்டு மட்டும் எஞ்சியது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அத்துணிகளில் உள்ள பூக்களும் கொடிகளும் நமக்கு அந்நியமல்ல. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற துறைகளிலிருந்தும் சென்ற அச்சுத் துணிகளும் எழுத்துத் துணிகளும் இங்கிலாந்துப் பெண்களை அவ்வளவு மயக்கின. தம் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று, அச்சிட்ட பருத்தி ஆடையை உடுத்துவதையே 1721ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அத்தடை 1774இல்தான் நீங்கிற்று. இடைக்காலத்தில் அந்நாட்டார் சணல்நூற் பாவில் பருத்தி ஊடை கலந்து நெய்து, நம்மவர் பூக்களைப் பார்த்து அச்சிட்டுக்கொண்டார்கள். அந்தப் பூக்களையே அத்தாய்மார் தம் மக்களின் அடையாளமாக வைத்துச் சென்றார்கள்.

பிற்காலத்தில் அவ்வாறு தாயிடம் மீண்ட ஒரு பையனின் கதை மட்டும் சொல்வோம். 1767 பிப்ரவரி 11ஆம் நாள் சாரா பெண்டர் என்பவள் தன் ஆண் குழந்தை சார்ல்ஸைக் கொண்டுவந்து விட்டாள். அவள் வைத்த அடையாளம், பல்வேறு துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த ஓர் ஒட்டுவேலை. அதன்மேல் செந்நூலால் நெஞ்சுருவமும் இரண்டு எழுத்துகளும் பின்னப்பட்டிருந்தன: தன் பெயரின் முதலெழுத்தும் மகன் பெயரின் முதலெழுத்தும். அந்த ஒட்டுவேலையை அவள் நேர்பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் தாளோடு விட்டு, மறுபாதியைத் தன்னோடு கொண்டுபோனாள். நெஞ்சுருவமும் இரண்டாயிற்று. பையனுக்கு பெஞ்சமின் ட்வர்ல் என்று புதுப்பெயர் இட்டார்கள். 1775 ஜூன் 10ஆம் நாள், எட்டாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அவள் தன் பாதியோடு வந்தாள். பாதியும் பாதியும் பொருந்தின. பையனைப் பெற்றுச் சென்றாள். எட்டாண்டுக் காலம் அவள் அத்துண்டை எங்கே வைத்திருந்தாள், எத்தனை முறை எடுத்துப் பார்த்தாள் என்பதை எந்தப் பதிவும் கூறவில்லை. ருக்ஆ என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நாம் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

துணிமேல் பூ எழுதும் கலையை உலகிற்கு வழங்கிய நம் நாட்டில், தேய்ந்த துணியைப் போற்றும் கலையும் இல்லாமற் போகவில்லை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் இட்டுச் செய்யும் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். நம் தமிழில் வழங்கும் 'கந்தை'யும் அதுவும் ஒரே வடசொல்லின் வழி வந்த உடன்பிறப்புகள். நம்மிடம் அச்சொல் இகழ்ச்சியாய் நின்றுவிட்டது. அங்கே ஒரு கலையின் பெயராயிற்று. புதுத் துணியில் காந்தா தைப்பது பிற்காலத்து வணிக வழக்கம். பழந்துணிதான் இதற்கு உயிர். பலகாலம் துவைத்துத் துவைத்து மென்மையான சேலையே பிறந்த குழந்தையின் தோலுக்கு ஏற்றது என்பது அவர்கள் கண்ட அனுபவம். அப்படியானால் நம் தங்கை கேட்டது புதுமையன்று. பத்மா நதிக்கரையில் எத்தனையோ தலைமுறைகளாக நடந்துவருவதுதான்.

முஸ்லிம் இல்லங்களில் திருக்குர்ஆனைப் பொதிந்து வைக்கும் உறையும் இவ்வகைத் தையலால் செய்வார்கள். அதனைக் 'கிலாஃப்' என்பர். இதைப் படித்தபோது நாம் எழுந்து சென்று நம் அலமாரியைத் திறந்தோம். மதரஸாவில் சேர்ந்த ஆண்டு உம்மா தைத்துக் கொடுத்த உறை ஒன்று அங்கே இருக்கிறது. வாப்பாவின் நீலக்கட்டக் கைலியில் தைத்தது. வாப்பா கப்பலுக்குப் போய்த் திரும்பாத ஆண்டும் அதுவே. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் கையில் எடுக்கிறோம். அது என்ன துணி என்பது தெரிந்தே இருந்தது. உம்மா ஏன் கடையில் உறை வாங்காமல் அந்தக் கைலியை வெட்டினார்கள் என்று எண்ணியதேயில்லை.

காந்தாவைப் பற்றிப் பேசுவோர் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைப்பாட்டைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ரூபாய், சாஜு என்னும் இரண்டு கிராமத்து முஸ்லிம் இளையோரின் காதற்கதை. கலகமொன்றில் சிக்கி ரூபாய் ஊரைவிட்டு ஓடுகிறான். காத்திருந்து நலிந்த சாஜு தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, தன் கபுரின்மேல் அதனை விரிக்கச் சொல்லி இறக்கிறாள். கற்பனைக் கதைதான். எனினும், துணியை மடலாகக் கொள்ளும் வழக்கம் அந்த மண்ணில் இல்லாதிருந்தால் கவிஞருக்கு அக்கற்பனை தோன்றியிராது.

இனி, நம் நெஞ்சை விட்டு நீங்காத ஊர் ஒன்றுக்கு வருவோம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்த நிலத்திட்டு ஒன்று உண்டு. ஜீஸ் பெண்ட், அதாவது ஜீ என்பவரின் வளைவு என்று அதற்குப் பெயர். ஜோசப் ஜீ என்னும் வெள்ளையர் 1816ஆம் ஆண்டளவில் அங்கே பருத்திப் பண்ணை அமைத்தார். 1845இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறிற்று. அவர் வட கரோலினாவிலிருந்து நூறு பேரளவிலான கறுப்பு அடிமைகளை நடத்தியே கூட்டிவந்தார். தம் குடும்பத்தார்க்கு மட்டும் வண்டி. அடிமை முறை 1865இல் ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் போக வழியின்றி அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்தார்கள். எசமானன் பெயரே அவர்களுக்குக் குடும்பப் பெயராயிற்று. இன்றும் அவ்வூரில் தடுக்கி விழுந்தால் ஒரு பெட்வே மேல்தான் விழவேண்டும்.

1932ஆம் ஆண்டு அவர்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். பருத்தி விலை வீழ்ந்த காலம். ஊரார்க்குக் கடன் கொடுத்துவந்த ஆற்றுக்கு அக்கரை வணிகர் இறந்துபோக, அவர் குடும்பத்தார் கடனுக்கு ஈடாக ஆடு மாடு, கோவேறு கழுதை, வண்டி, கலப்பை, சேர்த்து வைத்த தானியம் யாவற்றையும் வாரிக்கொண்டு போயினர். அந்தக் குளிர்காலத்தை ஊரார் காட்டில் கிடைத்ததைத் தின்று கழித்தனர்; செஞ்சிலுவைச் சங்கத்தார் படகில் அனுப்பிய மாவு பலரைக் காத்தது. மரத்துண்டுகளை அடுக்கிய குடிசைகள். இடுக்கில் காற்றுப் புகாதிருக்கச் சுவரில் செய்தித்தாள் ஒட்டியிருப்பார்கள். அக்குளிரைத் தாங்க ஒட்டுப்போர்வை வேண்டும். ஆகவே ஒட்டுப்போர்வை அவர்களுக்குக் கலைப்பொருள் அன்று; உயிர் காக்கும் பொருள். வாழ்நாளெல்லாம் பருத்தி விளைவித்த அம்மக்களுக்குப் போர்வைக்கெனப் புதுத்துணி வாங்க இயலவில்லை. வயலில் உழைத்துத் தேய்ந்த காற்சட்டை, மேற்சட்டை, மாவுச் சாக்கு, பருத்தி அரைக்கும் ஆலையின் தரையில் கூட்டி எடுத்த பஞ்சு, இவையே மூலப்பொருள்.

அவ்வூரில் மிசௌரி பெட்வே என்றொரு பெண்மணி இருந்தார். கணவர் நதானியேல் நோயுற்று இறந்தார். 1942ஆம் ஆண்டு மிசௌரி, கணவர் வயலில் உடுத்திய வேலைத்துணிகளை எடுத்து, பதின்ம வயதைக் கடந்துகொண்டிருந்த தம் மகள் ஆர்லான்சியாவை உடன் வைத்துக்கொண்டு, கிழிப்பனவற்றைக் கிழித்து, இணைப்பனவற்றை இணைத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்புக்காக அதன் கீழே படுத்துறங்கவும் இதனைச் செய்வதாகத் தாய் சொன்னதை, பல்லாண்டுகள் கழித்து ஆர்லான்சியா நினைவுகூர்ந்திருக்கிறார். ஏறத்தாழ ஏழரை அடி நீளமுள்ள போர்வை. வெளுத்த நீலம், பழுப்பு, சாக்குத் துணியின் வெண்மை. பூ இல்லை, உருவம் இல்லை, எழுத்து இல்லை. நீண்ட பட்டைகளும் கட்டங்களும் மட்டுமே.

இவ்வூர்ப் போர்வைகளில் ஒரு சிறப்பு உண்டு. காற்சட்டையின் பையைப் பிரித்தெடுத்தால், வெயில் படாத அந்த இடம் மட்டும் கருநீலமாய் நிற்கும்; சுற்றிலும் வெளுத்திருக்கும். முழங்கால் ஊன்றிய இடம் தேய்ந்து நூல் தெரியும். கறை இருந்த இடத்தில் கறை இருக்கும். தைப்பவர் இவற்றை மறைப்பதில்லை. ஒரு மனிதன் எங்கே மண்டியிட்டான், எந்தப் பையில் கைவிட்டான் என்பதைத் துணியே சொல்லிக்கொண்டிருக்கும். கணவரின் நிழற்படத்தைச் சுவரில் மாட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. படத்தில் முகம் உண்டு, உழைப்பு இல்லை. படம் அக்குடிசையின் குளிரையும் தடுத்திராது.

ஊரின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். கறுப்பர் வாக்குரிமை கேட்டு எழுந்தபோது, 1962இல் ஆற்றைக் கடக்கும் படகை நிறுத்திவிட்டார்கள். மாவட்டத் தலைநகரான கேம்டனுக்குப் போய் வாக்காளராய்ப் பதிவதைத் தடுப்பதற்கே இந்த ஏற்பாடு. அந்தப் படகு மீண்டும் ஓடியது 2006இல். மார்ட்டின் லூதர் கிங் 1965இல் இவ்வூருக்கு வந்து பேசினார். 1968இல் அவருடைய சவப்பெட்டி வண்டியை இழுத்தவை இவ்வூர்க் கோவேறு கழுதைகள். 1966இல் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் போர்வை தைத்து விற்றனர். 2002இல் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்திலும் பின் நியூயார்க்கிலும் அவர்களுடைய போர்வைகளைச் சுவரில் மாட்டி, உயர்ந்த நவீன ஓவியங்களுக்கு நிகரென்று போற்றினர். 2006இல் அமெரிக்க அரசு பத்துப் போர்வைகளின் படங்களோடு அஞ்சல் தலை வெளியிட்டது. ஆர்லான்சியா 2008இல் காலமானார்.

போற்றியது நன்றே. ஆனால் நமக்கு ஓர் ஐயம். சுவரில் தொங்கும் போர்வைக்கு எதிரே நிற்பவர், நிறப் பொருத்தத்தையும் வடிவ அமைதியையும் கண்டு வியக்கிறார். மிசௌரி அதனைத் தைத்தது பார்ப்பதற்கன்று, போர்த்துக்கொள்வதற்கு. இவ்விரண்டில் எது அந்தத் துணிக்குரிய மரியாதை? கண்ணாடிக்குப் பின்னே வைத்தால் நெடுங்காலம் நிற்கும் என்பது மெய்தான். நெடுங்காலம் நிற்கவேண்டும் என்று அவர் எண்ணியிருப்பாரா என்பதே நம் ஐயம். உடுத்தியவர் போனபின் துணி மட்டும் அப்படியே இருப்பதில் ஒரு கொடுமை உண்டு. அதனை வெட்டி வேறொன்றாக்கி, அன்றாட உழைப்புக்கு உள்ளாக்கி, கண்ணெதிரே மெல்ல மெல்லத் தேயவிடுவதில் பிரிவைப் பழகிக்கொள்ளும் வழி ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உம்மாவின் சேலையைப் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டும் என்று நம் தங்கை கேட்கவில்லை என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

இறந்தவரின் உடலாவது கிடைத்தவர்கள் இவர்கள். அதுவும் கிடைக்காதவர் நிலை வேறு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11இல் இராணுவத்தார் ஆட்சியைப் பற்றினர். அவர்கள் காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், அல்லது பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். மகனையும் கணவனையும் தேடிச் சிறைச்சாலை வாயில்களில் அலைந்த பெண்கள், தலைநகர் சாந்தியாகோவில் கிறிஸ்தவத் திருச்சபையின் ஆதரவில் 1974 முதல் கூடித் தைக்கத் தொடங்கினர். சாக்குத் துணியின்மேல் சிறு துண்டுகளை ஒட்டித் தைத்த படங்கள்: மூடிய ஆலை, பொதுச் சமையல், மலைத்தொடர், கையில் புகைப்படத்தோடு நிற்கும் பெண்கள், 'எங்கே அவர்கள்?' என்ற கேள்வி. அர்பியேரா என்று அதற்குப் பெயர். சாக்குத் துணி என்பதே அச்சொல்லின் பொருள். காணாமற் போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டிப் படத்தில் அவருடைய உருவத்துக்கு உடுத்தியவர்களும் உண்டு. எழுதினால் தண்டனை, பேசினால் தண்டனை. தையல் வேலைதானே என்று பிற நாடுகளுக்குப் போக விட்டார்கள். படத்தின் பின்புறத்தில் சின்னஞ்சிறு பை ஒன்று தைத்து, நடந்ததைக் கூறும் சீட்டை அதனுள் வைத்து அனுப்புவதும் உண்டு. மீண்டும் அதே ருக்ஆ: முன்பக்கம் ஒட்டுத்துணி, பின்பக்கம் மடல்.

இக்கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாளில் தங்கை வந்திருந்தாள். அன்று பிறக்கவிருந்த பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது, உடன் வந்திருந்தாள். சாரா பெண்டரின் கதையை இருவருக்கும் சொன்னோம். பேத்தி, "பாதித் துணியைப் பார்த்த உடனே அந்தப் பையனுக்கு உம்மாவைத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். பதினைந்து நாளோ ஒரு மாதமோ தாயிடம் இருந்த பிள்ளை எட்டு வயதில் எப்படி அறிவான் என்று நாம் விடை சொல்லத் தொடங்குமுன், தங்கை, "பச்சைக்கரைச் சேலை யாருக்குப் போச்சு காக்கா?" என்றாள். யோசித்துப் பார்த்தோம். அன்று வாங்க வந்தவர்கள் பலர். நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்றே சொன்னோம்.

அலமாரியிலிருந்து அந்த நீலக்கட்ட உறையை எடுத்துக் கொடுத்தோம். அவள் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்தையல் உம்மாவுடையது, வாய்மடிப்பில் இருக்கும் பெரிய தையல் உம்மாவுடையதன்று, அது தான் ஏழு வயதில் கற்றுக்கொண்டபோது போட்டது என்று சொன்னாள். நமக்கு அது தெரியாது. ஓரம் இற்றுப்போயிருந்தது. உள்ளே வேறு துணி கொடுத்துத் தைத்துத் தருவதாக எடுத்துப் போயிருக்கிறாள். குர்ஆனை இப்போதைக்கு ஒரு கைக்குட்டையில் பொதிந்து வைத்திருக்கிறோம்.